ஹாலே நகரத்தில் நம் எழுத்துகள்

மேற்படிப்புக்காக ஜெர்மனிக்கு வந்திருக்கும் நம் சபைப் பிள்ளைகள் மூன்று பேரும் நலமாக இருக்கிறோம். விடுமுறை கிடைத்தால் மாணவர்கள் பெர்லினுக்கும் மியூனிக்குக்கும் கிளம்புவார்கள். நாங்கள் போன மாதம் லைப்சிக்கில் ரயில் ஏறி, அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஹாலேக்குப் போனோம். தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய ஊர் அது.

சாலே நதிக்கரையில் உப்புக் காய்ச்சி வளர்ந்த நகரம் ஹாலே. அதன் சந்தைச் சதுக்கத்தில் நின்றால் ஐந்து கோபுரங்கள் தெரியும். நான்கு கோபுரங்கள் சந்தை ஆலயத்துக்கு உரியவை. ஐந்தாவதான சிவப்புக் கோபுரம் தனியே நிற்கிறது. மார்ட்டின் லூத்தர் 1546இல் ஐஸ்லேபனில் மரித்தபோது, அவர் உடலை விட்டன்பர்க்குக்குக் கொண்டுபோகும் வழியில் ஓர் இரவு இந்த ஆலயத்தில்தான் வைத்திருந்தார்கள். அவருடைய முகத்தின் மெழுகு அச்சு இன்றும் அங்கே இருக்கிறது. 1685இல் இதே ஊரில் பிறந்த இசைமேதை ஹேண்டல் ஞானஸ்நானம் பெற்றதும் இங்கேதான்.

சதுக்கத்திலிருந்து தெற்கே சிறிது தூரம் நடந்தால் பிராங்கே நிறுவனங்கள். ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே ஒரு போதகர். 1695இல் தமது காணிக்கைப் பெட்டியில் 4 தாலரும் 16 குரோஷனும் கிடந்ததைக் கண்டு, அந்தப் பணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அது அனாதை இல்லம், பள்ளிகள், மருந்துக்கடை, அச்சகம் என்று ஒரு சிறு பட்டணமாகவே வளர்ந்தது. 1727இல் அவர் மரித்தபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள். அனாதை இல்ல முகப்பின் உச்சியில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகள் உண்டு. அடியில் இருப்பது ஏசாயா 40:31. நம் வீடுகளில் நாட்காட்டியில் தொங்கும் அதே வசனம்!

இனி நம் கதை. டென்மார்க் அரசர் அனுப்ப, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு ஹாலேயில் சில காலம் படித்தவர். அப்போது அவருக்கு நம் ஐக்கியத்தில் இருக்கிற அண்ணன்மாரின் வயதுதான். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி அ, ஆ கற்றார். தமிழ் அச்செழுத்துகளை ஹாலேயிலேயே வார்த்துக் கப்பலேற்றினார்கள். 1713இல் அவை தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தன. அளவில் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. அதனால் பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. எங்களில் ஒருத்தியின் பாட்டிக்குச் சொந்த ஊர் பொறையாறு. அந்தப் பெயரை இங்கே கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அனாதை இல்லத்தின் மேல்மாடியில் பழைய அருங்காட்சி அறை இருக்கிறது. கூரையிலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. சிப்பிகள், கற்கள் என உலகெங்கிலுமிருந்து வந்த பொருட்களோடு தமிழ்நாட்டு ஓலைகளும் உண்டு. நாங்கள் வாசிக்க முயன்றோம். பழைய ஓலைகளில் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. ஒற்று எது, உயிர்மெய் எது என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்புவரை படித்தவரே தடுமாறினார். வெளிநாட்டில் பிறந்து தமிழ் எழுத்தே அறியாத தம்பி, "அண்ணா, என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டபடியே நின்றான்.

இந்தக் கதை ஒருவழிப் பாதை அல்ல. சீகன்பால்குவுக்குத் தமிழ் வாத்தியார்கள் பாடம் சொன்னார்கள். எழுத்தர்கள் ஓலைகளைப் படியெடுத்துத் தந்தார்கள். திருக்குறள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களைச் சேர்த்துப் பட்டியலிட்டார். 1714இல் அவர் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது மலையப்பன் என்ற தமிழ் வாலிபனும் கூடவே வந்தான். ஆக, இந்த ஊருக்கு வந்த முதல் தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள் அல்ல! தென்னிந்தியத் தெய்வங்களைப்பற்றி 1713இல் சீகன்பால்கு எழுதிய நூலை ஹாலே அச்சிடவில்லை. 1867இல் சென்னையில்தான் அது அச்சேறியது. தரங்கம்பாடியின் டேனிஷ் அதிகாரியோ அவரை நான்கு மாதம் சிறையில் வைத்தார். ஒரு ஜனத்தை அவர்கள் மொழியிலேயே அறிய விரும்பியவரை, அவருடைய சொந்த ஆட்களே முழுவதும் புரிந்துகொள்ளவில்லை.

நம் சபையில் தமிழ் ஆராதனையை மாதத்துக்கு ஒன்றாகக் குறைக்கலாமா என்ற பேச்சு நடப்பதை அறிவோம். திரும்பி வரும் ரயிலில் அதைப்பற்றியே வாதாடினோம். "நமக்காக அந்நியர் கற்ற மொழியை நாமே கைவிடலாமா?" என்றாள் ஒருத்தி. தம்பி விடவில்லை: "கேட்கிறவனுக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்றுதானே அவர் தமிழ் படித்தார்? எனக்குப் புரிகிற மொழி எது?" இரண்டும் நியாயமே. எந்த ஆராதனையையும் குறைக்க வேண்டாம், ஆனால் பிள்ளைகளைப் புரியாமல் உட்காரவைக்கவும் வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தோம். ஞாயிறு பள்ளியில் அரை மணி நேரம் தமிழ் வாசிப்பு வைக்கலாம். பாட்டிமார் வேதாகமத்தோடு பிள்ளைகள் பக்கத்தில் உட்காரலாம். பிள்ளைகள் அவர்களுக்குப் பிரசங்கத்தை இந்த ஊர் மொழியில் விளக்கலாம். கமிட்டிப் பெரியவர்கள் இதை யோசித்துப் பார்க்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். தம்பி இங்கேயே தொடங்கிவிட்டான். இந்த வாரம் "ஈ" வரை வந்திருக்கிறான்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் டிராமில் பிராங்கே பிளாட்ஸ் நிறுத்தத்தில் இறங்குங்கள். திங்கட்கிழமை அருங்காட்சியகம் திறப்பதில்லை. மற்ற நாட்களில் வந்தால், வழிகாட்ட நாங்கள் மூவரும் ஆயத்தம்.