பொங்கல் ஏழுகறி குழம்பு: தொண்டை அரிக்காம இருக்க என்ன வழி?

திருவொற்றியூர்: பொங்கலன்று ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பல வீடுகளில் மீன் குழம்புக்கு லீவு. சர்க்கரைப் பொங்கலோடு ஏழுகறி குழம்புதான்.

பரங்கிக்காய், சேனை, சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், அவரைக்காய், மொச்சை என ஏழும் தை சீசனில் கிடைப்பவை. முன்பு வடசென்னைவாசிகள் இதற்கு கொத்தவால்சாவடிக்கு போவார்கள். 1996-ல் மொத்த மார்க்கெட் கோயம்பேட்டுக்கு மாறியது.

சேனை, சேப்பங்கிழங்கு என்றாலே சிலருக்கு பயம். இவற்றில் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு ஊசி போன்ற துகள்களாக இருக்கிறது. அரைவேக்காடாக சாப்பிட்டால் நாக்கையும் தொண்டையையும் குத்தும். அதுதான் அரிப்பு.

'புளி ஊத்தினா அரிக்காது' என்று பலர் முதலிலேயே கரைச்சலை ஊற்றிவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல். புளிப்பு சேர்ந்தால் கிழங்கு சீக்கிரம் வேகாது.

எனவே கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சேனையை நறுக்கி, உப்பு, மஞ்சள்தூள் போட்டு மெத்தென்று வேகவைத்து தண்ணீரை வடித்துவிடுங்கள். சேப்பங்கிழங்கை தோலோடு வேகவைத்து உரியுங்கள். மொச்சை, மற்ற காய்கள் வெந்தபிறகு கிழங்குகளை சேர்த்து புளி, குழம்பு மிளகாய்த்தூள் போடலாம். பரங்கிக்காய் சட்டென குழையும், அதனால் கடைசியில்.

மரவள்ளி சேர்ப்பவர்கள் உஷார். பச்சையாக தின்றால் சயனைடு விஷம். தோல் சீவி, நன்றாக வேகவைத்து, அந்த தண்ணீரை கொட்டிவிட வேண்டும்.

சாப்பிட்டபின் தொண்டை வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ கைவைத்தியம் வேண்டாம். உடனே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு போய்விடுங்கள்.