மெய்நிகர் கணினிகளும் உரிமைப் பகிர்வும்

திண்டிவனம் வட்டத்தில் பட்டா மாறுதல் கோரும் உழவர் ஒருவரின் மனுவை நோக்குவோம். உட்பிரிவு தேவையில்லாத நிலமாயின் மண்டலத் துணை வட்டாட்சியரே ஆணையிடலாம். உட்பிரிவு வேண்டுமாயின் நில அளவரின் அளவீடும் வட்டாட்சியரின் ஆணையும் தேவை. கிராம நிருவாக அலுவலர் அறிக்கை தரலாம், ஆணையிட இயலாது. 'யார், எங்கே, எதைச் செய்யலாம்' என்னும் இவ்வரையறை குலைந்தால் ஒருவரின் நிலம் பிறர் பெயருக்குப் போய்விடும். கணினி உலகிலும் இதே வினா எழுகின்றது.

ஒரு பெரிய கணினியின் ஆற்றலைப் பகுத்து, ஒவ்வொரு பகுதியையும் தனிக்கணினிபோல் இயங்கச் செய்வதே மெய்நிகராக்கம். ஐ.பி.எம். நிறுவனம் 1960களிலேயே இதனை முயன்று, 1972இல் வி.எம்./370 என்னும் மென்பொருளை அறிவித்தது. இன்று கல்லூரி ஆய்வகத்தில் ஒரே பொறியினுள் நாற்பது மெய்நிகர் கணினிகள் குடியிருக்கக் கூடும். அனைவருக்கும் முழு அதிகாரம் வழங்கியிருப்பின், ஒரு மாணவரின் கைதவறுதல் நாற்பது பேரின் செய்முறைத் தேர்வுப் பணியை அழித்துவிடும்.

இதனைத் தடுக்கும் முறையை அமெரிக்காவின் பெராயோலோ, கூன் ஆகிய இருவரும் 1992இல் முறைப்படுத்தி வெளியிட்டனர். உரிமைகளை ஆள்தோறும் வழங்காமல், 'ரோல்' ஒன்றில் தொகுத்து, அந்த ரோலை ஆளுக்கு வழங்குவதே அதன் சாரம். இச்சொல்லைப் 'பாத்திரம்' எனப் பெயர்ப்போர் உளர். நமக்கோ அது அடுக்களையை நினைவூட்டுவதால் 'பொறுப்பு' என்றே வழங்குவோம். வள்ளுவர் தெரிந்துவினையாடலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார். நம் மார்க்கமும் பொறுப்பை அமானிதம் என்றே கருதுகின்றது.

வியன்னா நகரில் உருவான பிராக்ஸ்மாக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். வி.எம்.வேர் நிறுவனம் 2023இல் பிராட்காம் வசமானபின் நிரந்தர உரிம விற்பனை நிறுத்தப்பட்டமையால், சிறு கல்லூரிகளுக்கு இதுவே உகந்தது என்பது நம் கருத்து. இதில் அனுமதி என்பது ஆள் அல்லது குழு, பொறுப்பு, இடம் என்னும் மூன்றின் சேர்க்கை. இடங்கள் மரக்கிளைபோல் அமைந்தவை. விழுப்புரம் மாவட்டத்தின்கீழ் விழுப்புரம், திண்டிவனம் என்னும் கோட்டங்களும், அவற்றின்கீழ் வட்டங்களும், கிராமங்களும் இருத்தல் போன்றது அது. மேலே வழங்கிய அனுமதி கீழே பரவும். ஆயின் இங்கு உவமை சற்றே நொண்டுகின்றது. அதே ஆளுக்குக் கீழ்க்கிளையில் வேறு அனுமதி வழங்கினால், மேலிருந்து வந்தது அவ்விடத்தில் செல்லாததாகிவிடும். வருவாய்த்துறையில் அவ்வாறில்லை! இதனை உணராமல் மேலே மட்டும் திருத்திவிட்டு மயங்குவோர் பலர்.

மூன்று வகுப்புகள், நூற்றிருபது மாணவர்கள் எனில், திரையில் சொடுக்கிச் சொடுக்கி அனுமதி வழங்குவது பிழைக்கு வழிவகுக்கும். ஆகவேதான் 'ஸ்கிரிப்ட்' எனப்படும் கட்டளைத்தொடரை நாடுகின்றோம். அது வருகைப் பதிவேட்டிலிருந்து பெற்ற பெயர்ப்பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படிக்கும். பி.வி.இ.யு.எம். என்னும் கட்டளையால் கணக்கைத் தொடங்கி, வகுப்புக் குழுவில் சேர்த்து, கல்வியாண்டு முடியும் நாளையே காலாவதி நாளாகக் குறிக்கும். பின்னர், அவ்வகுப்பின் கணினித் தொகுப்புக்கு மட்டும் 'பி.வி.இ. வி.எம். யூசர்' என்னும் பொறுப்பை அக்குழுவுக்கு வழங்கும். இப்பொறுப்புடையோர் கணினியை இயக்கலாம், நிறுத்தலாம், காப்புநகல் எடுக்கலாம், அழிக்க இயலாது. ஆசிரியருக்கு மேற்பட்ட பொறுப்பும், பார்வையிட மட்டும் வேண்டுவோர்க்குத் தணிக்கையாளர் பொறுப்பும் போதும்.

பணியிலிருந்து விலகியோரின் கணக்கு ஆண்டுக்கணக்கில் உயிரோடிருப்பதே பெருந்தீங்கு. பருவந்தோறும் பட்டியலோடு ஒப்பிட்டு, இல்லாதோரை முடக்கும் பகுதியையும் அதே தொடரில் எழுதிவிடலாம்.

எனினும் கட்டளைத்தொடர் பிழையையும் விரைந்து பெருக்கும். இடத்தைக் குறிக்கும்போது தொகுப்பின் பெயர் விடுபட்டு, வெறும் சாய்கோடு மட்டும் நின்றுவிட்டால், அது மரத்தின் வேரையே குறிக்கும்; அனுமதி முழுப் பொறிக்கும் பரவிவிடும். பெயர் வெறுமையாயின் இயங்காது நிற்குமாறு முதல் வரியிலேயே எழுதுதல் நன்று. முதலில் ஒரேயொரு சோதனைக் கணக்கில் இயக்கி, அக்கணக்குக்கு உண்மையில் கிட்டிய உரிமைகளைப் பட்டியலிட்டுப் பார்த்த பின்னரே மற்றையோருக்கு நீட்டல் வேண்டும். கடவுச்சொல்லைத் தொடருக்குள் எழுதிவைக்கலாகாது. உரிமை குறைத்த தனி டோக்கன் ஒன்றை உருவாக்கி, பணி முடிந்ததும் அதனை நீக்கிவிடல் வேண்டும்.