லேப்டாப்புக்கும் காலாவதி தேதி உண்டு

திருவள்ளூர் மாவட்டத்தில், திருப்பாலைவனத்திலும் பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பங்களிலும் பிள்ளை பிளஸ் டூ முடித்ததும் வீட்டில் எழும் முதல் பேச்சு லேப்டாப். கல்லூரிக் கட்டணத்துக்கே கடன் வாங்கியிருப்பார்கள். புதுசு வாங்க வழியில்லை. யாரோ ஒருவர் சென்னை ரிச்சி தெருவைக் காட்டுவார், அல்லது ஆன்லைனில் கால்வாசி விலைக்குக் கிடைக்கும் செகண்ட் ஹேண்ட் குரோம்புக்கைக் காட்டுவார். ரொக்கமாகக் கொடுத்து வாங்கிவிடுகிறார்கள். பில் கிடையாது. நான்கு மாதம் கழித்து, “சார், உள்ளேயே போகமாட்டேங்குது” என்று என்னிடம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்டில் இதே கதைதான்.

குரோம்புக் மோசமான பொருள் இல்லை. கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் எளிய லேப்டாப் அது. வேலை முழுக்க பிரவுசருக்குள்ளேயே நடக்கும். 4 ஜிபி நினைவகம் போதும், சூடாகாது, சார்ஜ் நெடுநேரம் நிற்கும். கலந்தாய்வு விண்ணப்பம், உதவித்தொகைப் படிவம், ஆன்லைன் வகுப்பு, அசைன்மென்ட் எல்லாம் நடக்கும். தமிழ்99 விசைப்பலகைகூட உள்ளேயே இருக்கிறது. நெட் இல்லாத நேரத்திலும் கோப்பு திறக்க வேண்டுமென்றால், நெட் இருக்கும்போதே ஆஃப்லைன் வசதியை இயக்கி வைக்க வேண்டும். சிக்னல் வந்து வந்து போகும் ஊரில் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

குரோம்புக் செய்யாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸுக்கென்று எழுதப்பட்ட மென்பொருள் இதில் ஏறாது. ஜெராக்ஸ் கடைகளில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய கேனான் எல்பிபி 2900 பிரிண்டர் இதோடு சேராது. டெண்டருக்கும் ஜிஎஸ்டிக்கும் வைக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும், ஆதாருக்கு விரல் வைத்துப் பணம் எடுத்துக்கொடுக்கும் கருவியையும் நம்பி இதை வாங்கக்கூடாது. ஆன்லைன் சேவைக் கடை போட நினைப்பவர் குரோம்புக் வாங்கினால் கடை திறந்த அன்றே கையைப் பிசைய வேண்டியதுதான்.

செகண்ட் ஹேண்டில் வருபவற்றில் பல, வெளிநாட்டுப் பள்ளிக்கூடங்கள் கழித்துக் கட்டியவை. வேதனை என்னவென்றால், 2023 அக்டோபரிலிருந்து எச்பி நிறுவனம் சென்னைக்கு அருகே உள்ள பிளெக்ஸ் தொழிற்சாலையிலேயே குரோம்புக் தயாரிக்கிறது. நாமோ அடுத்த நாட்டுப் பள்ளி தூக்கிப் போட்டதைத் தேடி ஓடுகிறோம்.

பணம் கொடுக்கும் முன் இரண்டு சோதனைகள். முதலாவது தேதி. ஒவ்வொரு குரோம்புக் மாடலுக்கும் பாதுகாப்பு அப்டேட் நிற்கும் நாள் ஒன்று உண்டு. 2021 முதல் வெளிவந்தவற்றுக்குப் பத்து ஆண்டு என்று 2023 செப்டம்பரில் கூகுள் அறிவித்தது. அந்தப் பத்து ஆண்டு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. அந்த வகை முதன்முதலில் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. பெட்டி பிரிக்காத புதுசாக இருந்தாலும் பாதி ஆயுள் கடையிலேயே போயிருக்கலாம். செட்டிங்ஸில் ‘அபவுட் குரோம் ஓஎஸ்’, அதற்குள் ‘அடிஷனல் டீடெய்ல்ஸ்’, அதில் ‘அப்டேட் ஷெட்யூல்’ என்று போய்ப் பாருங்கள். தேதி முடிந்த பிறகும் மெஷின் ஓடும், கடைக்காரர் அதைத்தான் ஓட்டிக் காட்டுவார். ஆனால் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாது. அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்து. படிப்பு முடியும் ஆண்டுக்குப் பிறகும் தேதி இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இரண்டாவது பூட்டு. பள்ளியோ நிறுவனமோ தன் பெயரில் பதிந்த குரோம்புக்கை அவர்களே விடுவிக்காதவரை அது அவர்கள் கட்டுப்பாட்டில்தான் இருக்கும். எல்லாவற்றையும் அழித்தாலும், நெட்டில் இணைந்ததும் அந்த நிறுவனத்தின் கணக்கைக் கேட்டு நின்றுவிடும். கடையில் நெட் இல்லாமல் காட்டினால் ஒன்றும் தெரியாது. அதனால் கடையிலேயே, லாகின் திரையில் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், ஆர் நான்கையும் சேர்த்து அழுத்தி ‘பவர்வாஷ்’ செய்யச் சொல்லுங்கள். உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, உங்கள் ஜிமெயிலில் நுழைந்து பாருங்கள். பள்ளிப் பெயரோ ‘மேனேஜ்டு’ என்ற சொல்லோ வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஐந்நூறு ரூபாய்க்குத் திறந்து தருகிறேன் என்பவரிடம் கொடுத்து அந்த ஐந்நூறையும் இழக்காதீர்கள்.

கணக்கு விஷயத்திலும் ஒரு வார்த்தை. குரோம்புக்கில் முதலில் நுழையும் கணக்குதான் அதன் உரிமையாளர் கணக்கு. பிரவுசிங் சென்டர் தம்பி தன் போன் நம்பரைப் போட்டு உருவாக்கிய ஜிமெயிலில் பிள்ளையின் சான்றிதழ்களை எல்லாம் ஏற்றி வைத்திருக்கிறார்கள். கணக்கை மீட்கும் குறியீடு யார் போனுக்கு வரும் என்று யாரும் யோசிப்பதில்லை. மீட்பு எண் உங்கள் வீட்டு எண்ணாக இருக்க வேண்டும். அந்தக் கணக்கு வழியாகப் பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே, அன்றைக்கே கூப்பிடுங்கள்.

இனி பில். பில் கேட்டு வாங்குங்கள், மறுபடியும் சொல்கிறேன், பில் கேட்டு வாங்குங்கள். அதில் மாடல் பெயர், சீரியல் எண், கடையின் ஜிஎஸ்டி எண், வாரன்டி நாள் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி வேண்டாமென்றால் விலை குறையும் என்பார்கள். அந்த ஆயிரம் ரூபாய்க்கு உங்கள் உரிமையையே விற்கிறீர்கள். ரொக்கம் வேண்டாம், கடையின் கணக்குக்கு யுபிஐயில் அனுப்பினால் அதுவும் சாட்சி. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் போட்ட நாளுக்குள், நாள் எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அதே குற்றச்சாட்டில் வரும். ஆகவே வாங்கிய வாரத்திலேயே சோதியுங்கள்.

குறை தெரிந்தால் கடைக்கு நடையாய் நடக்க வேண்டாம். எழுதுங்கள். வாங்கிய தேதி, சீரியல் எண், விலை, ‘வேறு நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது’ அல்லது ‘அப்டேட் காலம் முடிந்தது மறைக்கப்பட்டது’ என்ற குறை, 15 நாளுக்குள் பணம் வேண்டும் என்ற கோரிக்கை. ஒரு பக்கம் போதும். திரையைப் படம் எடுத்து இணையுங்கள். 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. அதனால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, பட்டுவாடா ஆனதற்கான அத்தாட்சியையும் கேட்டு வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் அவரைக் கட்டாயப்படுத்துகின்றன. சர்வீஸுக்குக் கொடுத்தால் ஜாப் ஷீட் இல்லாமல் திரும்பாதீர்கள். உப்புக்காற்றில் துருவேறிய போர்ட்டைக் காட்டி ‘தண்ணீர் பட்டது’ என்று கைகழுவினால், அதையும் ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இது சமரசம்தான், உத்தரவு போடும் அதிகாரம் இதற்கில்லை. உத்தரவு வேண்டுமென்றால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ரிச்சி தெருவில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பொன்னேரியிலிருந்து திருவள்ளூருக்கு ரயிலில் போக சென்னை வரை போய்த் திரும்ப வேண்டும், இதை எந்த அதிகாரி யோசித்தாரோ தெரியவில்லை. அந்த அலைச்சலைக் குறைக்க ‘இ-ஜாக்ருதி’ இணையதளத்தில் பதிவு செய்து, புகார், தேதி வரிசை, பில், கடிதம், தபால் அத்தாட்சி, ஜாப் ஷீட், நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாண வாக்குமூலம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து ஏற்றுங்கள். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும், தயாராக இருங்கள்.

வழக்குப் போட இரண்டு ஆண்டு கெடு. “அடுத்த வாரம் வாங்க, மாத்தித் தர்றேன்” என்று கடைக்காரர் வாட்ஸப்பில் சொல்லும் ஒவ்வொரு வாரமும் அந்தக் கெடுவிலிருந்துதான் கழிகிறது.