பாத்ரூமை புதுப்பிக்கப் போறீங்களா? டைல்ஸ் ஒட்டும் முன் இந்த 4 விஷயங்களை கவனிங்க!

திருவண்ணாமலை கிரிவலப் பாதை சுமார் 14 கி.மீ. அந்தப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில், பௌர்ணமிக்கு உறவினர்கள் வந்துவிட்டால் வீட்டு பாத்ரூம் காயவே நேரம் இருக்காது. அங்கே அழகை விட முக்கியம் இவைதான்.

1. வாட்டர்ப்ரூஃபிங்: டைல்ஸும் அதன் இடுக்கில் பூசும் குரௌட்டும் மட்டும் கசிவைத் தடுக்காது. அடியில் வாட்டர்ப்ரூஃபிங் பூசி காய்ந்ததும், வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பாருங்க. டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிவு தெரிந்தால், உடைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

2. வாட்டம்: வடிகாலை நோக்கி 4 அடிக்கு ஒரு அங்குலமாவது சரிவு வேணும்.

3. தரை: பளபள டைல்ஸ் சுவரோடு நிற்கட்டும். தரைக்கு மேட் ஃபினிஷ், ஆன்டி-ஸ்கிட் டைல்ஸ்தான். நடந்து களைத்து வரும் பெரியவர்கள் வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பே உடையலாம்.

4. வேனிட்டி: வாஷ்பேசினுக்குக் கீழே வரும் கேபினட் இது. கார்பென்டரிடம் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டில் செய்யச் சொல்லுங்க. சாதாரண பிளைவுட் ஈரத்தில் ஊறி உப்பிடும். தரையைத் தொடாமல் சுவரில் மாட்டினால் கழுவுவதும் சுலபம்.

மேஸ்திரிக்கு கடைசி பணம் கொடுக்கும் முன், ஒரு வாளி தண்ணீர் ஊத்திப் பாருங்க. வாட்டம் சரியா இல்லையான்னு தரையே சொல்லிடும்!