படாத குத்து

சினிமாவில் கதாநாயகன் ஓங்கிக் குத்துகிறான். அடியாள் சுருண்டு விழுகிறான். "நிஜமாவே அடி பட்டிருக்குமா?" என்று யோசித்திருக்கிறீர்களா? சபாஷ்! கேட்க வேண்டிய கேள்விதான்.

பதிலை யகிமா கனட் என்ற முரட்டு மனிதரிடமிருந்து தெரிந்துகொள்வோம். 1895இல் அமெரிக்காவில் பிறந்தவர். அடங்காத குதிரைகள் மேல் ஏறிச் சவாரி செய்யும் போட்டிகளில் சாம்பியன். பிறகு ஊமைப்படங்களில் நடித்தார். படங்கள் பேசத் தொடங்கியதும் வந்தது சிக்கல். காய்ச்சலில் அவர் குரல் ஏற்கெனவே கெட்டுப் போயிருந்தது!

மனிதர் அசரவில்லை. வில்லனாக நடித்தார். மற்றவர்களுக்கு 'டூப்' போட்டுக் குதித்தார். கதாநாயக நடிகர் ஜான் வேய்னின் படங்களில் சில சமயம் வில்லனும் அவரே, கதாநாயகனுக்கு டூப்பும் அவரே. தன்னைத் தானே துரத்திய ஆள்!

கனட்டும் ஜான் வேய்னும் சேர்ந்து சினிமாச் சண்டைக்கு ஒரு வழி கண்டார்கள். முஷ்டி முகத்தில் படாது. முகத்துக்கு முன்னால் காற்றில் போகும். கேமரா ஒருவரின் தோளுக்குப் பின்னால் நிற்கும். அடி வாங்குபவர் சரியான நொடியில் தலையைத் திருப்பிக்கொள்வார். அவ்வளவுதான்.

நாம் ஏன் ஏமாறுகிறோம்? தூரத்தில் பறக்கும் பட்டம், பக்கத்துத் தென்னங்கீற்றை உரசுவதுபோலத் தெரியுமே, அதே கதைதான். நம் இரண்டு கண்களும் கொஞ்சம் வேறுவேறான படங்களைப் பார்க்கின்றன. மூளை இரண்டையும் ஒப்பிட்டு, பக்கத்தில் இருக்கும் பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. கேமராவுக்கு ஒரே கண். அதனால் முஷ்டிக்கும் முகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி திரையில் காணாமல் போகிறது. புரிகிறதா?

ஆனால் எல்லாமே கண்கட்டு வித்தை இல்லை. 1939இல் வந்த 'ஸ்டேஜ்கோச்' படத்தில், கனட் ஓடும் குதிரைகளுக்கு நடுவே நிஜமாகவே கீழே விழுந்தார். அந்தக் குதிரைகள் இழுத்த வண்டி அவருக்கு மேலாகக் கடந்து போனது. கொஞ்சம் விலகியிருந்தால் சக்கரத்தில் சிக்கியிருப்பார்!

ஆனால், எனக்கு அவரைப் பிடிப்பது இந்தத் துணிச்சலுக்காக அல்ல. குதிரையிலிருந்து விழும்போது கால் மாட்டிக்கொள்ளாதபடி, ஒரு பக்கம் திறந்த அங்கவடி செய்தார். அங்கவடி என்றால் சவாரி செய்பவர் கால் வைக்கும் வளையம். இப்படிப்பட்ட பாதுகாப்புக் கருவிகளுக்காகவும் சேர்த்துத்தான் 1967இல் அவருக்குச் சிறப்பு ஆஸ்கர் கொடுத்தார்கள்.

இப்போது ஒரு சோதனை. ஒரு கையில் பேனாவையும் மறு கையில் அதன் மூடியையும் எடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கைகளை நீட்டிப் பேனாவை மூட முயலுங்கள். பிறகு இரண்டு கண்களையும் திறந்து செய்து பாருங்கள். குத்துச் சோதனை மட்டும் வேண்டாம், கண்ணுகளா!