உங்களுக்குத் தெரியுமா? ஈரலின் தழும்பைக் காட்டும் பிளேட்லெட்

டெங்கு வந்தால் எல்லோரும் விசாரிக்கும் பிளேட்லெட் எண்ணிக்கை, கொழுப்பு ஈரல் உள்ளவருக்குக் கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதற்கும் துப்புக் கொடுக்கும்!

● கணக்கின் பெயர் 'ஃபிப்-4'. தேவை நான்கே எண்கள்: வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரு ஈரல் நொதிகளின் அளவு, பிளேட்லெட். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை (ஆயிரங்களில்) எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி, வரும் எண்ணால் முதல் விடையை வகுங்கள்.

● வயது 50, எஸ்.ஜி.ஓ.டி. 40, எஸ்.ஜி.பி.டி. 36, பிளேட்லெட் 2 லட்சம் என்றால் விடை 1.67. பார்வைக்கு நல்ல ரிப்போர்ட்தான். ஆனால் 1.3-ஐத் தாண்டியதால் ஃபைப்ரோஸ்கேன் போன்ற அடுத்த சோதனை தேவை. 2.67-க்கு மேல் போனால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு அதிகம்.

● பிளேட்லெட்டுக்கு இதில் என்ன வேலை? தழும்பேறிய ஈரலில் ரத்தம் எளிதாக ஓடாது. அழுத்தம் ஏறி, மண்ணீரல் வீங்கி, பிளேட்லெட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிளேட்லெட் உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனும் பெருமளவு ஈரலில்தான் சுரக்கிறது, அதுவும் குறையும்.

● 2006-இல் இந்தக் கணக்கை உருவாக்கியது கொழுப்பு ஈரலுக்காக அல்ல, எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்து தாக்கியவர்களுக்காக.

● 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப முடியாது. 65-ஐக் கடந்தவர்களுக்கு 1.3 அல்ல, 2 தான் எல்லை.

எஸ்.ஜி.பி.டி. நார்மல் என்பதால் கொழுப்பு ஈரல் இல்லை என்று ஆகிவிடாது. கொழுப்பு ஈரலுக்கு வாய்ப்பு அதிகம் என்பதால், சர்க்கரை நோய் உள்ளவர்கள் அடுத்த முறை டாக்டரிடம் ஃபிப்-4 பற்றிக் கேளுங்கள்.