கையிலே 13 காய், எதிரே ஒரு அட்டை!
அமெரிக்கப் பெண்கள் ஆடும் "மாஜாங்"

13 சீட்டு ரம்மி ஆடத் தெரியாதவர்கள் நம்மில் குறைவு. ஏறக்குறைய அதேபோன்ற ஓர் ஆட்டம் அமெரிக்காவில் இருக்கிறது. அதன் பெயர் மாஜாங்.

கையில் 13 காய்கள். ஒன்றை எடுக்க வேண்டும், ஒன்றைப் போட வேண்டும். ஜோக்கரும் உண்டு. ஆனால் சீட்டுக்கட்டு கிடையாது. அதற்குப் பதிலாகச் செவ்வக வடிவில், விரல் நீளம்கூட இல்லாத காய்கள். அவற்றைக் கவிழ்த்துப் போட்டுக் கலைக்கும்போது எழும் "கடகட" சத்தம் அடுத்த வீட்டுக்கும் கேட்கும்.

ஆட்டம் பிறந்தது சீனாவில். ஆனால் அமெரிக்காவில் ஆடப்படும் முறை சீனர்கள் ஆடும் முறை அல்ல. கடல் தாண்டிப் போன இடத்தில் அது வேறு ஆட்டமாகவே வளர்ந்துவிட்டது.

எண்ணெய் கம்பெனி ஊழியர்

ஜோசப் பாப்காக் என்ற அமெரிக்கர், ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியின் ஊழியராகச் சீனாவில் வேலை பார்த்தார். அங்கே இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். விதிகளைச் சுருக்கி, 1920-ம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு சிறு புத்தகமாக வெளியிட்டார். சீன எழுத்து தெரியாதவர்களுக்காகக் காய்களின் மூலையில் 1, 2, 3 என்று எண்களும் சேர்க்கப்பட்டன.

அவ்வளவுதான். 1922, 1923-ம் ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் மாஜாங் பைத்தியம் பிடித்தது. சீன உடை உடுத்திக்கொண்டு ஆடுவதுகூட நாகரிகமாக இருந்தது.

ஆட்டம் வரலாம், ஆள் வரக்கூடாது

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேதனையும் உண்டு.

சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்று 1882-ம் ஆண்டிலேயே சட்டம் போட்டிருந்தார்கள். அந்தச் சட்டம் 1943-ம் ஆண்டில்தான் ரத்தானது. ஆகவே, மாஜாங் பெட்டிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய அதே காலத்தில், அந்த ஆட்டத்தைப் பிறப்பித்த மக்களுக்குத் துறைமுகக் கதவு மூடியிருந்தது. பொருளை வரவேற்பார்கள், உழைக்க வருபவனை வரவேற்க மாட்டார்கள். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போனவர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல.

சில ஆண்டுகளில் பைத்தியம் தெளிந்தது. கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் விதிகள் மாறியதால் ஆடுபவர்களுக்கும் சலிப்பு ஏற்பட்டது.

அப்போது ஆட்டத்தைக் காப்பாற்றியவர்கள் நியூயார்க் நகரத்து யூதப் பெண்கள். 1937-ம் ஆண்டில் அவர்கள் "தேசிய மாஜாங் லீக்" என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே விதி என்று வகுத்து, ஒரு அட்டை அச்சிட்டார்கள். இன்றுவரை ஆண்டுதோறும் புது அட்டை வருகிறது. அட்டை விற்ற பணத்தில் ஒரு பகுதி அறப்பணிகளுக்குப் போகிறது.

கோடை விடுமுறைக்கு அந்தக் குடும்பங்கள் கேட்ஸ்கில் மலைப்பகுதிக்குப் போகும். கணவன்மார் வேலைக்காக நியூயார்க்கிலேயே தங்கிவிட்டு, வார இறுதியில் மட்டும் வருவார்கள். மற்ற நாட்களில் பெண்களுக்குத் துணை மாஜாங் மேஜைதான்.

152 காய்கள்

ஆட்டத்துக்கு 4 பேர் வேண்டும். மொத்தம் 152 காய்கள்.

பாம், கிராக், டாட் என்று மூன்று இனங்கள். ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை எண்கள். ஒவ்வொரு காயும் நான்கு. ஆக, 108. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்ற காற்றுக் காய்கள் 16. சிவப்பு, பச்சை, வெள்ளை டிராகன்கள் 12. பூக்கள் 8. ஜோக்கர் 8.

வெள்ளை டிராகனுக்கு "சோப்பு" என்று செல்லப்பெயர். ஆண்டின் எண்ணைச் சேர்க்கும்போது சோப்புதான் பூஜ்யம்.

பாம் இனத்தில் "1" எழுதிய காயில் பெரும்பாலும் ஒரு பறவை இருக்கும். புதிதாக ஆடுபவர்கள் அதைப் பூ என்று நினைத்து ஏமாறுவது வழக்கம்.

ஒவ்வொருவரும் தம் முன்னே 19 காய் நீளம், 2 காய் உயரத்துக்குச் சுவர் கட்ட வேண்டும். பகடை உருட்டிச் சுவரை உடைத்துக் காய் எடுப்பார்கள். "கிழக்கு" எனப்படும் முதல் ஆட்டக்காரருக்கு 14, மற்றவர்களுக்கு 13.

வேண்டாததைத் தள்ளு

ஆட்டம் தொடங்குமுன் காய் மாற்றுதல் நடக்கும். இதற்கு "சார்ள்ஸ்டன்" என்று பெயர். 1920-களில் புகழ்பெற்ற ஒரு நடனத்துக்கும் இதே பெயர்தான்.

வேண்டாத 3 காய்களை முதலில் வலதுபக்கம் இருப்பவருக்கும், பிறகு எதிரே இருப்பவருக்கும், பிறகு இடதுபக்கம் இருப்பவருக்கும் தள்ள வேண்டும். அதேபோல உங்களுக்கும் வரும். எல்லோரும் சம்மதித்தால் இடது, எதிர், வலது என்று இன்னொரு சுற்று. கடைசியில், எதிரே இருப்பவரோடு பேசி 3 காய்கள் வரை மாற்றிக்கொள்ளலாம். ஜோக்கரை மட்டும் தள்ளக்கூடாது.

அட்டை சொல்வதே சட்டம்

ரம்மியில் 3, 4, 5 என்று வரிசை சேர்க்கலாம். சீன மாஜாங்கிலும் அப்படிச் சேர்க்கலாம். அமெரிக்க ஆட்டத்தில் அதெல்லாம் செல்லாது. அட்டையில் அச்சிட்ட வரிகளில் ஏதாவது ஒன்றை 14 காய்களால் அப்படியே சேர்க்க வேண்டும்.

உதாரணமாக, இரண்டு பூ, நான்கு 2, நான்கு 4, நான்கு 6 என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 14. இதில் ஒரு 6-க்குப் பதில் ஒரு 8 இருந்தாலும் ஜெயிக்க முடியாது.

அட்டையில் எழுத்துகள் பல நிறத்தில் இருக்கும். நிறம் எந்த இனம் என்பதைச் சொல்லவில்லை. எத்தனை இனம் வேண்டும் என்பதையே சொல்கிறது. ஒரே நிறம் என்றால் ஒரே இனம். மூன்று நிறம் என்றால் மூன்று இனம்.

அட்டையை மனப்பாடம் செய்ய வேண்டாம். எல்லோரும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் ஆடுகிறார்கள்.

ஜோக்கரின் எல்லை

மூன்றும் அதற்கு மேலும் உள்ள கூட்டத்தில்தான் ஜோக்கர் செல்லும். ஜோடிக்குச் செல்லாது. ஒற்றைக் காய்க்கும் செல்லாது. மேலே சொன்ன வரியில் இரண்டு பூவும் உண்மையான பூவாகவே இருக்க வேண்டும்.

அடுத்தவர் போட்ட காயை எடுப்பதற்கும் அதே விதிதான். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட காய்களின் கூட்டத்துக்குத்தான் எடுக்கலாம். எடுத்ததும் அந்தக் கூட்டத்தை எல்லோரும் பார்க்க விரித்து வைக்க வேண்டும். ஜோடிக்கு ஒன்று குறைந்தால், அதுவே ஆட்டத்தை முடிக்கும் கடைசிக் காயாக இருந்தால் மட்டும் எடுக்கலாம்.

ஒருவர் விரித்து வைத்த கூட்டத்தில் ஜோக்கர் இருக்கிறதா? அதற்குரிய உண்மையான காய் உங்களிடம் இருந்தால், உங்கள் முறை வரும்போது அதைக் கொடுத்துவிட்டு ஜோக்கரை வாங்கிக்கொள்ளலாம்.

சம்பளம் போகாது

பணம் வைத்தும் ஆடுகிறார்கள். ஆனால் சில்லறைக் காசுதான். 25 காசு மதிப்புள்ள வரியை ஒருவர் முடித்தால், கடைசிக் காயைப் போட்டுக் கொடுத்தவர் இரட்டிப்பாக 50 காசு தர வேண்டும். மற்ற இருவரும் 25 காசு. சுவரிலிருந்து தாமே எடுத்து முடித்தால் மூவரும் 50 காசு.

பல குழுக்களில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. அன்றைக்கு இவ்வளவுதான், உதாரணமாக 5 டாலர்தான், என்று முன்னதாகவே வரம்பு வைத்துவிடுவார்கள். அந்தப் பணம் தீர்ந்தவர் அதற்குமேல் தர வேண்டியதில்லை. ஆனால் தொடர்ந்து ஆடலாம். சீட்டு மேஜையில் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். இந்த ஏற்பாட்டின் அருமை நமக்குத் தெரியும்.

புதியவர்கள் கவனிக்க

காய்களை எடுத்ததும் இனவாரியாக அடுக்குங்கள். ஜோடிகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். இரட்டை எண்கள் அதிகமா? ஒற்றை எண்களா? காற்றுகளா? அதற்கேற்ப அட்டையில் இரண்டு வரிகளைத் தேர்ந்தெடுங்கள். ஒரே வரியை நம்பி உட்காராதீர்கள். ஐந்தாறு வரிகளுக்கும் ஆசைப்படாதீர்கள்.

அடுத்தவர் போட்ட காயை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். விரித்து வைத்தவுடன் உங்கள் திட்டம் பாதி வெளியாகிவிடும். சில வரிகளை முழுவதும் மறைத்தே சேர்க்க வேண்டும். அந்தக் குறிப்பு அட்டையிலேயே இருக்கும்.

மேஜையில் விழுந்த காய்களை எண்ணிக்கொண்டே இருங்கள். எந்த எண் காயும் நான்குதான். மூன்று விழுந்துவிட்டால் மீதி ஒன்றுதான். அதற்குமேல் அதற்காகக் காத்திருப்பதில் பயன் இல்லை. ஐந்து காய்க் கூட்டம் என்றால், பூவைத் தவிர எதிலும் ஜோக்கர் இல்லாமல் சேராது.

சுவர் குறையக் குறைய, போடும் காயில் கவனம் வேண்டும். ஜெயிக்க முடியாது என்று தெரிந்தால், ஏற்கெனவே விழுந்த காயையே போடுங்கள். ஜோக்கரைப் போட்டால் யாரும் எடுக்க முடியாது. சுவர் தீரும்வரை யாரும் முடிக்காவிட்டால் ஆட்டம் சமன்.

நம் நாட்டிலும் ராணுவ அதிகாரிகளின் குடும்பங்களிலும், கல்கத்தா சீனர்களிடமும் மாஜாங் பழக்கத்தில் உண்டு. அங்கே கற்றவர்கள் அமெரிக்க மேஜையில் உட்கார்ந்தால், முதலில் அட்டையைப் படித்தாக வேண்டும்.

முதல் நாள் ஒன்றும் புரியாது. நாலைந்து ஆட்டம் போனால் காயின் முகம் பழகிவிடும். அட்டை பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். நன்றாகப் பழகி முடிக்கும்போது, அடுத்த ஆண்டின் புது அட்டை வந்துவிடும். அன்றைக்கு, நாற்பது ஆண்டு ஆடிய பாட்டியும் நேற்று வந்த புதியவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குவார்கள்.